டாப்பெட் கவரும் பத்தரை மணிக் கையெழுத்தும்

மார்ச் 3, திங்கள்

வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. வண்டி நம்பரும் கோளாறும் துண்டுச் சீட்டில் கிறுக்குவதோடு சரி. "சவரிமுத்து, தினமும் என்ன நடக்குது, யாரு வர்றா, யாரு மிரட்டுறா, எல்லாத்தையும் தேதி நேரம் போட்டு எழுதி வை. கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடறப்ப உதவும்" என்றார். டைரியும் அவரே கொடுத்தார். ஏதோ அரிசி ஆலைக்காரர் அவருக்குக் கொடுத்தது, இரண்டு வருஷம் பழசு. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

முதலில் விவரம். நான் திண்டுக்கல்லில் கார் மெக்கானிக். வயது நாற்பத்தேழு. நானும் தம்பி அருளப்பனும் ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறோம். பழைய கார் என்றால் கொடைக்கானலிலிருந்துகூட எங்களைத் தேடி வருவார்கள். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி தம்பிக்கும் எனக்கும் ஷெட்டில் கைகலப்பு. அதில் அவனுக்குத் தலையில் அடி. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி ரெஜினா புகார் கொடுத்து, போலீஸ் கொலை முயற்சி என்று போட்டுவிட்டது. அண்ணன் தம்பி சண்டைக்கு இத்தனை பெரிய பெயர்! முப்பத்தைந்து நாள் உள்ளே இருந்தேன். இப்போது கண்டிஷன் ஜாமீன். திண்டுக்கல் பக்கம் தலைகாட்டக் கூடாது. புதுக்கோட்டையில் தங்கி, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். தம்பி பிழைத்தால் இது முந்நூற்றேழு. செத்தால் முந்நூற்றிரண்டு, அதாவது கொலை. "அவன் மூச்சு ஓடுற வரைக்கும்தான்யா உனக்கு இந்த ஜாமீனு" என்றார். சரி, ஓடட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

பத்தரைக்குக் கையெழுத்து. யாரும் வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. லாட்ஜில் மூட்டைப்பூச்சிதான் கடித்தது.

மார்ச் 5, புதன்

லாட்ஜ் முதலாளி ஷேக் தாவூத் பாய் நான் மெக்கானிக் என்று கேள்விப்பட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கறுப்புக் கார். ஐம்பத்தெட்டாம் வருஷத்து மாடல். அவர் வாப்பா வாங்கியது. உடம்பில் ஒரு துளி துரு இல்லை. பார்த்ததும் கை துறுதுறுத்தது. முப்பத்தைந்து நாளாக ஸ்பேனரைத் தொடாத கை.

கோளாறு என்னவென்றால், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வண்டியை எடுத்தால் உள்ளே புகை வருகிறது. அவர் வீட்டம்மா கண் எரிகிறது என்று ஏறவே மாட்டேன் என்கிறாராம். பானட்டைத் திறந்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எஞ்சின் தலைமேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற தகர டாப்பெட் கவரின் விளிம்பில் ஆயில் கசிகிறது. கசிந்தது பக்கத்தில் சூடாக இருக்கிற சைலன்சர் குழாயில் சொட்டுகிறது. சொட்டினால் புகையாமல் சாம்பிராணியா மணக்கும்?

கவரைச் சுற்றி எட்டு போல்ட்டு. எட்டையும் ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, நெம்பு பலத்தோடு ஒரு முறுக்கு முறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. பாய் மலைத்துப்போய்ப் பார்த்தார். கசியாது பாய், இனி உங்க பேரன் காலத்துக்கும் கசியாது என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

கசிந்தது.

முன்னைவிட மோசம். பாய் பள்ளிவாசலிலிருந்து வரும்போது கீழ ராஜ வீதி முழுக்கப் புகை. நான் டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். வண்டி எதிரே வந்து நின்றது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தன், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்தவன், என்னைக் காட்டி, "இவரு மெக்கானிக்கா, இல்ல கொசு மருந்து அடிக்கிறவரா?" என்று கேட்டான். கடையே சிரித்தது.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. பின்கழுத்தைப் பிடித்துப் பன் வைத்திருந்த கண்ணாடி ஜாடி மேல் அவன் முகத்தை மோதினேன். ஜாடி உடைந்தது. புருவம் கிழிந்து இரத்தம் பன்னிலெல்லாம் வழிந்தது. பாய் காரை விட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டிராவிட்டால் இன்னொரு தரம் மோதியிருப்பேன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட வைத்து, காலில் விழாத குறையாகப் பேசிப் புகார் இல்லாமல் செய்ததும் பாய்தான்.

இதை வக்கீல் பார்த்தால் குதிப்பார். இன்னொரு கேஸ் வந்தால் ஜாமீன் அன்றைக்கே ரத்து.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கோபக்காரன் என்று ஊரெல்லாம் பேசுவார்கள். சும்மா இருக்கிறவனை நான் தொட்டதே இல்லை. அவனவன் வாய் சும்மா இருந்தால் என் கையும் சும்மா இருக்கும்.

மார்ச் 8, சனி

பாய் கோபிக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "உங்க தம்பியையும் இப்படித்தான் அடிச்சீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. கைகலப்பு பாய், தள்ளுமுள்ளு, என்றேன். அப்போது என் கையில் ஸ்பேனர் இருந்தது உண்மை. மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருக்காமல் புல்லாங்குழலா இருக்கும்? அது பட்டுவிட்டது. ஒரே அடி.

சாயங்காலம் வக்கீல் லாட்ஜுக்குப் போன் செய்தார். டாக்டர் கொடுத்த காகிதத்தில் மண்டையோட்டில் இரண்டு இடத்தில் உடைசல் என்று இருக்கிறதாம். ஒரு அடிக்கு இரண்டு உடைசல் எப்படி என்று எதிர்த் தரப்பு கேட்குமாம். கண்ணாடியில் ஒரு கல் பட்டால் எத்தனை கோடு ஓடுகிறது என்றேன். வக்கீல், இந்த மாதிரிப் பதில் எல்லாம் கோர்ட்டில் சொல்லிவிடாதே என்றார்.

மார்ச் 10, திங்கள்

வக்கீல் கவனிக்க: இன்று காலை பத்து நாற்பதுக்கு மிரட்டல்.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். எதிரே வேப்பமரத்தடியில் இன்னாசி நின்றான். ரெஜினாவின் தம்பி. கூட இரண்டு பேர். இன்னாசி அவசரக்காரன் இல்லை. தோல் மண்டியில் வேலை, அளந்துதான் பேசுவான். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பெரியத்தான், அத்தான் இன்னும் கண்ணு முழிக்கல. அக்கா தினமும் பஞ்சுல தண்ணி நனைச்சு உதட்ட ஈரம் பண்ணுது. அவரு மூச்சு நின்னுச்சுன்னா அன்னிக்கே உங்க மூச்சும் நிக்கும். உங்களத் தேடி நாங்க அலைய வேண்டியதில்ல. பத்தரைக்கு எங்க இருப்பீங்கன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்துருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். டீ குடிக்கிறீங்களா என்று வேறு கேட்டான். வேண்டாம் மாப்ள என்றேன்.

லாட்ஜுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. உலகத்தில் எந்த மனுஷன் எந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்னைச் சொல்லலாம். போகாமல் இருந்தால் வாரண்டு. போனால் வேப்பமரம்.

மார்ச் 11, செவ்வாய்

கையெழுத்து. மரத்தடியில் மூன்று பேரும் நின்றார்கள். பேசவில்லை.

மார்ச் 12, புதன்

திருச்சியிலிருந்து பாய் ஆள் விட்டுப் புது பேக்கிங் வாங்கி வந்தார். கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கொடுக்கிற கார்க் அட்டை. பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தேன். மேலும் கீழும் கசிவடைக்கிற பேஸ்ட்டை அப்பினேன். எட்டு போல்ட்டையும் இந்த முறை உயிரைக் கொடுத்து முறுக்கினேன். ஒரு போல்ட்டு படக்கென்று கழுத்தோடு முறிந்தது. மிச்சம் ஏழு போதும் என்று ஸ்டார்ட் பண்ணினேன்.

ஐந்து நிமிஷத்தில் கார்க் நசுங்கி, பல் ஈறு மாதிரி வெளியே பிதுங்கியது. ஆயில் கோடாக இறங்கிச் சைலன்சர் குழாயில் விழுந்தது. முதலில் வெள்ளைப் புகை. அப்புறம் குபீரென்று நெருப்பு.

பாய் வீட்டம்மா மாடியிலிருந்து அலறினார். நான் ஈரச் சாக்கை எடுத்துப் போட்டு அமுக்கினேன். வலது கை முடியெல்லாம் பொசுங்கியது, மணிக்கட்டில் கொப்புளம். நெருப்பு அணைந்தது. என் நெருப்பு அணையவில்லை. ஸ்பேனரை எடுத்து முன் விளக்கை அடித்தேன். நொறுங்கியது. மட்கார்டில் அடித்தேன். நாற்பது வருஷமாகக் கீறல் விழாத கறுப்புத் தகரம், குழி குழியாக விழுந்தது. கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினேன். திட்டினது காரையா என்று எனக்கே தெரியவில்லை. அருளு, அருளு என்று நான் கத்தினதாகப் பாய் பிறகு சொன்னார்.

வெளியே போங்க என்பார் என்று நினைத்தேன். பின்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நிதானமா இருக்கறப்ப வந்து கேளுங்க, தர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

வக்கீல் கவனிக்க: காலை பத்து மணி இருபது நிமிஷம். இன்னாசியும் இன்னும் இரண்டு பேரும்.

ஸ்டேஷனுக்கு நூறடி இருக்கும்போது பின்னாலிருந்து சைக்கிள் செயின் முதுகில் விழுந்தது. சட்டையோடு தோலும் போனது. திரும்பினேன். இன்னொருத்தன் வயிற்றில் உதைத்தான். நானும் விடவில்லை. ஒருத்தன் காதைக் கடித்தேன், வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேர். சாக்கடை ஓரம் தள்ளி முகத்தில் மிதித்தார்கள். ஒரு பல் போயிற்று. செயின் நாலைந்து தரம் விழுந்தது. இன்னாசி அடிக்கவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் குனிந்து சொன்னான். காலையில் அருளுக்கு வலிப்பு வந்ததாம். கட்டிலோடு தூக்கித் தூக்கிப் போட்டதாம். நாக்கைக் கடித்துக்கொண்டானாம். "அக்காவாலதான் பிடிக்க முடிஞ்சது. நாலு மாசம் அவளுக்கு, பெரியத்தான். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அவரு மேல படுத்துப் பிடிச்சிருக்கா."

ரெஜினா முழுகாமல் இருப்பது எனக்குத் தெரியாது. அருள் சொல்லவில்லை.

பத்தரைக்கு அதே கோலத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். ரெஜிஸ்டரில் இரத்தம் சொட்டியது. ஏட்டு கலியமூர்த்தி ரொம்ப வருஷ சர்வீஸ்காரர், நேரம் காலம் பார்க்காமல் நக்கலடிப்பவர். என்னைப் பார்த்து நக்கலை மறந்துவிட்டார். அடிச்சவன் பேர் சொல்லு என்றார். இன்னாசி என்று சொன்னேன். அப்பன் பேர், தெரு, வேலை, எல்லாம் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது? அடி வாங்கினது நான்.

மார்ச் 15, சனி

கையெழுத்து. மரத்தடியில் யாரும் இல்லை. இன்னாசியைக் கூப்பிட்டு, இனி என்மேல் கை வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்களாம்.

மார்ச் 17, திங்கள்

இந்தப் பக்கத்தை வக்கீலுக்குக் காட்டப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து நேரம் போக முழுக்கப் படுத்துக் கிடந்தேன். இன்று கையெழுத்துப் போட்டு வந்து பாயிடம் சாவி கேட்டேன். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கவரைக் கழற்றினேன். கழுவினேன். பாய் வீட்டில் உடைந்த நிலைக்கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. அதன்மேல் கவரைக் கவிழ்த்து வைத்துக் குனிந்து பார்த்தேன்.

விளிம்பு கண்ணாடியில் உட்காரவில்லை. போல்ட்டு ஓட்டை இருக்கிற இடமெல்லாம் பள்ளமாக அமுங்கி, நடு இடமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. முறுக்க முறுக்க ஓட்டை அமுங்கும், நடு எழும்பும், ஆயில் அந்த நடுவில்தான் வரும். கசிகிறதே என்று நான் மறுபடி முறுக்குவேன்.

அருள் சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான்.

எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஷெட்டுக்கு வந்திருந்தது கொடைக்கானல் எஸ்டேட்காரர் கார். டாப்பெட் கவர் கசிவு. மூன்றாம் தரம் திரும்பி வந்திருந்தது. அவர் இறங்கினதும் என்னைப் பார்க்கவில்லை, சின்னவர் இருக்காரா என்று கேட்டார். கொஞ்ச காலமாக எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அருள் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் எதிரிலேயே சொன்னான்: "அண்ணே, நீ முறுக்கி முறுக்கிக் கவரு வளைஞ்சுபோச்சுண்ணே. கையால வச்சாலே போதும், இதுக்குப் பலம் வேண்டாம்." எஸ்டேட்காரர் சிரித்தார். அருள் சிரிக்கவில்லை. அதையும் எழுத வேண்டும். அவன் சிரிக்கவில்லை.

அவர் போகும் வரைக்கும் காத்திருந்தேன். கைகலப்பு ஒன்றும் நடக்கவில்லை. அவன் எஞ்சின்மேல் குனிந்து பேக்கிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்துதான் அடித்தேன். ஒரு அடி இல்லை, இரண்டு.

மத்தியானம் முழுக்கக் கவரை ஒரு மரக்கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஓட்டையாகத் தட்டினேன். ஓங்கி அடித்தால் எதிர்ப்பக்கம் பிதுங்கிவிடும். செல்லமாகத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்தது. கண் மறைத்தது.

மார்ச் 18, செவ்வாய்

கையெழுத்து. முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்தேன். அருள் பற்றி நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்றார் வக்கீல்.

மார்ச் 19, புதன்

அருள் செய்கிற மாதிரியே செய்தேன். பேஸ்ட்டைக் கவர் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவிப் பேக்கிங்கை ஒட்டவைத்தேன். எஞ்சின் பக்கம் ஒன்றும் தடவவில்லை, லேசாக ஆயில் மட்டும். கவரை உட்கார வைத்து எட்டு போல்ட்டையும் விரலால் திருகினேன். பிறகு எதிரும் புதிருமாகக் கால் சுற்று. அவ்வளவுதான். எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் ஒன்று உண்டு. அதில் அழுக்கு அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது. அதையும் மண்ணெண்ணெயில் கழுவினேன்.

ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓடவிட்டேன். பின் மூலையில் ஒரு சொட்டு வந்தது. கை ஸ்பேனருக்குப் போயிற்று. இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பாய் வந்து, என்ன ஆச்சு, நெஞ்சு வலியா என்று கேட்டார்.

சொட்டு அதன்பின் வரவில்லை. தடவின ஆயில்தான் அது.

மார்ச் 21, வெள்ளி

பாய் வீட்டம்மா வண்டியில் ஏறினார். பள்ளிவாசல் வரைக்கும், அங்கிருந்து அவர் தங்கச்சி வீட்டு வரைக்கும். புகை இல்லை. பாய் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினார். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இதை ஜனவரியில் செய்திருக்கலாம்.

நாலு மணிக்கு வக்கீல் போன். அருளப்பனுக்கு நினைவு வந்துவிட்டது! நேற்றே வந்துவிட்டதாம். பேச்சு குழறுகிறது, வலது பக்கம் சரியாக அசையவில்லை, ஆனால் ஆளைத் தெரிகிறது. நான் போனைப் பிடித்துக்கொண்டே லாட்ஜ் மேஜைக்குக் கீழே சரிந்து உட்கார்ந்து அழுதேன். வக்கீல், அழுகையை நிறுத்து, இன்னும் கேள் என்றார். இன்று காலை போலீஸ் போய் வாக்குமூலம் வாங்கியிருக்கிறது. அண்ணன் அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டானாம். பானட்டைத் தூக்கிவைத்திருந்த கம்பி நழுவி, பானட் தலையில் விழுந்துவிட்டது என்றானாம்.

"கேஸ் நிக்காதுய்யா. நீ தப்பிச்சிட்டே" என்றார் வக்கீல்.

மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பூத்துக்குப் போன் போட்டு ரெஜினாவைக் கூப்பிடச் சொன்னேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். தம்பி எனக்காக இப்படிச் சொன்னானே என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை.

"உங்களுக்காகச் சொல்லல பெரியத்தான். உங்களை உள்ள போட்டாலும் என் தம்பி காத்திருந்து வெட்டுவான். அப்புறம் அவனும் உள்ள போவான். அவன் போகக் கூடாதுன்னு சொன்னாரு. பேச்சே வராத மனுஷன், அந்த ஒரு பொய்யச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. எச்சி வடிய வடியச் சொன்னாரு."

போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

இதை அன்று ராத்திரி எழுதவில்லை, மறுநாள் சாயங்காலம் இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக வருகிறது.

பாய் மத்தியானத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் பின்கட்டில், என் அடியில் குழி விழுந்த மட்கார்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தேன். இன்னாசி வந்தான். தனியாக வந்தான். கையில் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அத்தான் பானட் விழுந்ததாகச் சொல்லிவிட்டார், அக்காவும் அதையே சொல்லச் சொல்லித் தன்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள், கேஸ் முடிந்துபோகும், என்றான். பிறகு தரையிலிருந்த ஜாக்கி ராடை எடுத்தான். முழ நீள இரும்பு.

"யாருக்கும் தெரிய வேண்டாம் பெரியத்தான். எனக்குத் தெரியணும். பானட்டு விழுந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கே அந்தப் பதில் வந்தால் போதும் என்றுதான் இருந்தது. முகத்தில் தெரிந்தது. அவன் வீட்டுக்குப் போயிருப்பான், நான் திண்டுக்கல் போயிருப்பேன்.

"இல்ல மாப்ள. நான்தான் அடிச்சேன்."

"எத்தன அடி?"

இரண்டு என்று வாய் வரைக்கும் வந்தது. வக்கீலிடம் ஒன்று, இந்த டைரியில் இரண்டு. உண்மை அதுவும் இல்லை. முதல் அடியில் அவன் எஞ்சின்மேல் சாய்ந்தான். இரண்டாவதில் முட்டி போட்டான். மூன்றாவது, அவன் திரும்பி, நான் என்று தெரிந்து, "அண்ணே" என்ற பிறகு. நாலாவது, அவன் தரையில் கிடந்தபோது. அது தலையில் சரியாகப் படாமல் காதோரம் போயிற்று.

"நாலு" என்றேன். இப்படி இப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக நான் பேசினதில்லை.

"எந்தக் கை?"

வலது கையை எடுத்து மட்கார்டின்மேல் வைத்தேன். அவன் பிடிக்கவில்லை, நானே வைத்தேன். முதல் அடியில் விரல் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது, வந்தபோது தோள்பட்டை வரைக்கும் வந்து கண் இருட்டியது. கையை எடுக்கவில்லை. இரண்டாவது மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கறுப்புத் தகரத்தில் இரத்தம் ஓடியது. நான் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன், மாடு மாதிரிக் கத்தினேன்.

மூன்றாவதுக்கு ராடை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது.

"இன்னும் ரெண்டு இருக்கு மாப்ள" என்றேன்.

"எனக்கு வேண்டாம்" என்று ராடைக் கீழே போட்டுவிட்டான். சுவரோரம் குந்தி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வயசுப் பிள்ளை, முப்பதுகூட ஆகவில்லை. இரண்டு அடியில் அவனால் நிறுத்த முடிந்தது. தம்பி "அண்ணே" என்ற பிறகும் என்னால் முடியவில்லை. நான் என்ன ஜென்மம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவனே தன் துண்டைக் கிழித்து என் கையைக் கட்டினான். ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டான்.

மார்ச் 25, செவ்வாய்

கையில் மாவுக்கட்டு. இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். பெரிய ஸ்பேனர் இனி பிடிக்க முடியாது.

கேஸ் முடியும் வரைக்கும் கண்டிஷன் கண்டிஷன்தான். பத்தரைக்குப் போனேன். ஏட்டு கலியமூர்த்தி ரெஜிஸ்டரைத் தள்ளினார். இடது கையால் பேனாவைப் பிடித்தேன். சவரிமுத்து என்று எழுத வேண்டிய இடத்தில் கோழி கிண்டினது மாதிரி வந்தது. அவர் நேற்றைய கையெழுத்தையும் இன்றையதையும் பார்த்தார், கட்டைப் பார்த்தார், எழுந்து கதவை ஒருக்களித்தார்.

"அந்த இன்னாசிதானே? எழுதிக் குடுத்தும் திருந்தல பாரு. பேரச் சொல்லு, இன்னிக்கே தூக்கிடறேன்."

ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. இன்னாசி அடியில் நின்றிருந்தான். ஓடிப்போகவில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொள்ள வந்து நின்றிருந்தான்.

"யாரும் இல்ல சார். கார் வேல பார்க்கறப்ப பானட்டு விழுந்துருச்சு" என்றேன்.

ஏட்டு என் முகத்தையே பார்த்தார். மதுரையில் அருள் கொடுத்த வாக்குமூலம் அவருக்கும் வந்திருக்க வேண்டும். மேஜையிலிருந்த மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து செல்லாது. இடது பெருவிரல வை. அதுலயாவது பானட்டு விழாமப் பார்த்துக்க" என்றார்.